கணக்கு டீச்சர் பதில்கள்: வெள்ளையா மட்டும் விட்டுட்டு வராதீங்க

இந்த மாசம் வந்த கேள்விங்கள்ல முக்கால்வாசி எஸ்பிஎம் (மலேசியாவுல ஃபார்ம் 5 முடிவுல எழுதுற அரசாங்கப் பரீட்சை) கணக்கு தான். டிரையல் (எஸ்பிஎம்முக்கு முன்னாடி வைக்கிற மாதிரிப் பரீட்சை) ரிசல்ட் வீட்டுக்கு வந்துருச்சுன்னு கடுதாசிய பாத்தாலே தெரியுது. கேட்டவங்க எல்லாரும் நம்ம பத்தாங் பெர்ஜுந்தை சுத்துவட்டாரம் (2007-லயே பெஸ்தாரி ஜெயான்னு பேர மாத்திட்டாங்க, ஆனா நம்ம ஆளுங்க யாரு அப்படி சொல்றா, நானும் சொல்றதில்ல). பேரு போட வேணாம்னு பாதி பேரு கேட்டுக்கிட்டதால ஒருத்தர் பேரும் போடல. வாய்ஸ் மெசேஜ்ல வந்தத நான் தான் எழுதி எடுத்தேன், கொஞ்சம் சுருக்கியிருப்பேன், கோவிச்சுக்காதீங்க.

டீச்சர், என் மகனுக்கு டிரையல்ல கணக்குக்கு 19 மார்க். நானும் வீட்டுக்காரரும் செம்பனைத் தோட்டத்துல வேலை, விடியக்காலை பெரட்டுக்கு (பேர் கூப்பிடுறதுக்கு) போனா மத்தியானத்துக்கு மேல தான் வீடு. எங்க ரெண்டு பேருக்கும் அவன் படிக்கிற கணக்கு ஒண்ணும் புரியாது. டவுன்ல டியூஷன் போடலாமா, இல்ல ரெண்டு மாசத்துல இனிமே என்னத்த படிக்கப் போறான்னு அவங்க அப்பா சொல்றது சரியா?
– தோட்டத்து அம்மா

தங்கச்சி, டியூஷன் பேச்ச அப்புறம் வச்சுக்குவோம். மொதல்ல அந்த டிரையல் பேப்பர மகன் கிட்ட கேட்டு வாங்குங்க. ஸ்கூல்லயே இருக்குன்னு சொல்வான், பேக்குக்கு அடியில தான் நாலா மடிச்சுக் கெடக்கும். வாங்கி மேசையில விரிச்சு வச்சுட்டு ஒண்ணே ஒண்ணு பாருங்க, எத்தன எடத்துல ஒரு எழுத்து கூட எழுதாம வெள்ளையா விட்டிருக்கான்னு எண்ணுங்க. 19 மார்க் எடுக்குற புள்ளைங்க பேப்பர முப்பது வருஷமா பாத்தவ சொல்றேன், தப்பா போட்டதால போற மார்க்க விட போடாம விட்டதால போற மார்க் தான் ஜாஸ்தி.

ஏன்னு கேளுங்க. எஸ்பிஎம் கணக்குல ரெண்டு பேப்பர். மொதல் பேப்பர் 40 அப்ஜெக்டிவ் கேள்வி, ஒன்றரை மணி நேரம், 40 மார்க். ரெண்டாவது பேப்பர் தான் பெரிசு, ரெண்டரை மணி நேரம், 100 மார்க், அதுல ஏ பகுதியில 10 கேள்விக்கு 40 மார்க், பி பகுதியில 5 கேள்விக்கு 45, சி பகுதியில ரெண்டு கேள்வி குடுத்து ஒண்ண மட்டும் செய்யச் சொல்வாங்க, அதுக்கு 15. ஆக மொத்தம் 140-ல 100 மார்க்க கையால எழுதி தான் வாங்கணும். அந்த 100-ல விடைக்கு மட்டும் மார்க் இல்ல, ஜாலான் கிராவுக்கும் மார்க் இருக்கு, அதாவது எப்படி செஞ்சேன்னு வரி வரியா காட்டுறதுக்கு. 4 மார்க் கேள்வியில கடைசியில கூட்டல்ல கோட்டை விட்டாலும் வழி சரியா இருந்தா 2 வரும், சில சமயம் 3 கூட வரும். வெள்ளையா விட்டுட்டு வந்தா திருத்துறவங்க எவ்வளவு நல்ல மனசுக்காரங்களா இருந்தாலும் சைபர் தான் போட முடியும், பாவம் அவங்க என்ன பண்ணுவாங்க.

ரெண்டு மாசம் போதுமான்னா, எல்லா பாடத்துக்கும் போதாது. ஃபார்ம் 4-ல 10 சாப்டர், ஃபார்ம் 5-ல 8, அது பத்தாம கீழ் வகுப்பு பாடமும் உள்ள வரும். அதனால எல்லாத்தையும் தொடாம, சீக்கிரம் புடிபடுறத மொதல்ல எடுக்கச் சொல்லுங்க: நம்பர் பேஸ், செட், மேட்ரிக்ஸ், நெட்வொர்க், காப்புறுதி, வரி. நம்பர் பேஸ் எல்லாம் வகுத்தல் தெரிஞ்சா ஒரு சாயங்காலம் போதும். 45-அ எட்டாம் அடிமானத்துல எழுதுன்னா, 45-ல எட்டு அஞ்சு தரம் போகும், பாக்கி 5, விடை 55. அவ்வளவு தான், இதுக்குப் போயி ரெண்டு வருஷமா பயந்துகிட்டு இருந்தேனேன்னு ஒரு பையன் என் வீட்டு ஐந்தடியில (முன் வராந்தாவுல) உக்காந்து சிரிச்சான்.

ஆனா அதுக்கும் முன்னாடி ஒரு சோதனை இருக்கு. மைனஸ் 3-ல இருந்து மைனஸ் 7-அ கழிச்சா என்னன்னு கேளுங்க. 4-ன்னு சொன்னா நல்லது. மைனஸ் 10-ன்னு சொன்னா அவனோட பிரச்சனை ஃபார்ம் 5 இல்ல, ஃபார்ம் 1. அப்போ தினம் கால் மணி நேரம் மைனஸ் கணக்கும் பின்னமும் மட்டும் போடட்டும், வெக்கப்பட ஒண்ணும் இல்ல, மேட்ரிக்ஸ்ல பாதி தப்பு இந்த மைனஸ்ல தான் வருது.

டியூஷன் போடுறதும் போடாததும் உங்க கை வசதி. சிலாங்கூர் மாநில அரசோட இலவச டியூஷன் ஒண்ணு இருக்கு, பிடிஆர்எஸ்னு சொல்வாங்க, ஸ்கூல்ல விசாரிங்க. ஆனா உங்க வேலை ஒண்ணு இருக்கு தங்கச்சி. ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் அவன் அன்னிக்கு செஞ்ச நோட்ட வாங்கிப் பாருங்க. உங்களுக்கு கணக்கு தெரியணும்னு இல்ல, வெள்ளையா விட்டிருக்கானான்னு பாக்கத் தெரிஞ்சா போதும். வெள்ளையா இருந்தா, தெரிஞ்ச வரைக்கும் ஒரு வரியாச்சும் எழுதுடான்னு திருப்பிக் குடுங்க.

நான் தமிழ்ப்பள்ளியில படிச்சிட்டு, பெராலிஹான் (மலாய் பழகுறதுக்கு நடுவுல ஒரு வருஷ வகுப்பு) போயி ஃபார்ம் 1 வந்தேன். கணக்கு செய்யத் தெரியும் டீச்சர், ஆனா கேள்வி என்ன கேக்குதுன்னே புரிய மாட்டேங்குது. இன்ஈக்வாலிட்டி (சமனின்மை) வந்தா குறிய மாத்தி மாத்தி போட்டுடுறேன்.
– ஃபார்ம் 5 மாணவி

இந்த ஒரு கேள்விக்கே தனியா ஒரு பக்கம் கேட்டு வாங்கணும் போல. கண்ணு, உனக்கு கணக்கு வராம இல்ல, நிகழ்தகவுன்னு படிச்சத கெபாரங்காலியான்னு வந்து நின்னா யாருக்கா இருந்தாலும் ஒரு நிமிஷம் முழிக்கத் தான் தோணும். எங்களையும் இப்படித் தான் போட்டு அலைக்கழிச்சாங்க, 2003-ல திடீர்னு கணக்க இங்கிலீஷ்ல சொல்லிக் குடுங்கன்னாங்க, பழகி முடிக்கிறதுக்குள்ள திருப்பி மாத்துனாங்க, டீச்சருக்கே அப்படின்னா புள்ளைங்க கதி என்ன.

மொதல்ல ஒரு நல்ல சேதி, எஸ்பிஎம் கணக்கு பேப்பர்ல கேள்வி மலாய்லயும் இருக்கும், இங்கிலீஷ்லயும் இருக்கும், பதிலும் ரெண்டுல எதுல வேணும்னாலும் எழுதலாம். மலாய்ல தடுக்குச்சுன்னா கண்ண அந்தப் பக்கம் ஓட்டு.

அடுத்தது, எல்லா வார்த்தையும் தெரிய வேணாம், ஒரு இருபது முப்பது வார்த்தை தான் திரும்பத் திரும்ப வரும். நோட்டுக்கு பின்னாடி மூணு பத்தி போட்டு எழுதி வை, மலாய், தமிழ், செய்ய வேண்டிய வேலை. ஹிதோங்னா கணக்கு போட்டு காட்டணும். ஞாத்தாக்கான்னா சும்மா சொன்னா போதும், நீட்டி எழுதி நேரத்த வீணாக்காத. லோரெக்னா கோடு போட்டு நிழல் காட்டணும், அத மறந்துட்டு படத்த அழகா வரைஞ்சுட்டு வர்ற புள்ளைங்க எத்தன பேரு தெரியுமா. ரொம்ப முக்கியமானது செதெருஸ்ஞா. அந்த வார்த்தை வந்தா, இப்ப கண்டுபிடிச்ச விடைய வச்சு அடுத்தத செய்யின்னு அர்த்தம், புதுசா வேற வழியில ஆரம்பிக்காத.

இன்ஈக்வாலிட்டிக்கு வருவோம். குராங் டாரிபாடான்னா கம்மி, சமமா இருக்கக் கூடாது. தீடாக் குராங் டாரிபாடான்னா கம்மி இல்ல, அப்போ சமமாவும் இருக்கலாம், அதிகமாவும் இருக்கலாம். செகுராங்-குராங்ஞான்னா கொறஞ்சது, அதுவும் அதே தான், ஒண்ணு அதிகம், இல்லன்னா சமம். அதுல குராங்னு பாத்த உடனே கையி தானா கம்மி குறிய போட்டுடும், அங்க தான் எல்லாரும் விழுறது. செலெபிஹ்-லெபிஹ்ஞா, தீடாக் மெலெபிஹி ரெண்டும் அதுக்கு நேர் எதிர், அந்த அளவுக்கு மேல போகக் கூடாது, சமமா இருக்கலாம்.

இன்னொன்னு, ஆம்பள புள்ளைங்க எக்ஸ், பொம்பள புள்ளைங்க ஒய், எக்ஸ் கொறஞ்சது ஒய் மாதிரி ரெண்டு மடங்கு இருக்கணும்னு வந்தா நிறைய பேரு அந்த 2-அ எக்ஸ் கிட்ட ஒட்டிடுவாங்க. அங்க நம்பர் போட்டுப் பாரு. பொம்பள புள்ளைங்க 10 பேருன்னா ஆம்பள புள்ளைங்க கொறஞ்சது 20 இருக்கணும். அப்போ 10-அ தானே ரெண்டால பெருக்குன? 2 ஒய் பக்கம் தான் வரும். எக்ஸ் ≥ 2 ஒய். சந்தேகம் வந்தா எப்பவும் நம்பர் போட்டு பாத்துடு, அது பொய் சொல்லாது.

அப்புறம் மலாய் வார்த்தைன்னா ஏதோ வேத்து ஊர் பாஷைன்னு பயப்படாத. கணக்கு கேள்வியில வர்ற பாக்கி நம்ம வீட்டுலயும் பாக்கி தான். மோடால்னு வருதே, அது நம்ம முதல், தமிழ்ல இருந்து போன வார்த்தை. கெடாய் நம்ம கடை. கேள்விக்குள்ள பாதி நம்ம சொந்தக்காரங்க தான் உக்காந்திருக்காங்க.

போன மாசம் காப்புறுதி கணக்கு ஒண்ணு போட்டுருந்தீங்க. வீட்டு மதிப்பு 2 லட்சம் வெள்ளி (ரிங்கிட்), கோ-இன்சூரன்ஸ் 80 விழுக்காடு, டிடக்டிபல் 2,000 வெள்ளி, ஆனா அந்த ஆளு வாங்குன காப்புறுதி 1 லட்சத்து 20 ஆயிரத்துக்குத் தான், தீப்பிடிச்சு 40,000 வெள்ளி நஷ்டம். நஷ்டஈடு 30,000-ன்னு போட்டிருக்கீங்க. என் மக 28,000-ன்னு ஒத்தக் கால்ல நிக்கிறா. யாரு சரி?
– ஜாகா (காவல்) வேலை பாக்குற அப்பா

உங்க மக தான் சரி அண்ணே. நான் கோட்டை விட்டுட்டேன். ராத்திரி பதினோரு மணிக்கு எழுதி அனுப்புனா இப்படித் தான் ஆகும். புள்ளைக்கு என் சார்பா ஒரு மைலோ ஐஸ் வாங்கிக் குடுங்க.

சரியா போடுறேன் பாருங்க. அந்த வீட்டுக்கு எடுத்திருக்க வேண்டிய காப்புறுதி 2 லட்சத்துல 80 விழுக்காடு, அதாவது 1,60,000. அந்த ஆளு எடுத்தது 1,20,000. எடுக்க வேண்டியதுல முக்கால்வாசி தான் எடுத்திருக்காரு, அதனால கம்பெனிக்காரனும் நஷ்டத்துல முக்கால்வாசி தான் கணக்குல எடுத்துக்குவான், 40,000-ல முக்கால் 30,000. நான் அதோட பேனாவ மூடிட்டேன். அதுல டிடக்டிபல் 2,000-அ கழிக்கணும், அது எந்த நஷ்டம் வந்தாலும் நம்ம கைய விட்டுப் போற பங்கு. ஆக 28,000. நஷ்டம் 40,000, கையில வந்தது 28,000, மிச்சம் 12,000 வெள்ளி அந்த ஆளு தலையில. காசு மிச்சம் புடிக்கிறேன்னு காப்புறுதிய கொறச்சு எடுத்தா என்ன ஆகும்னு காட்டத் தான் இந்த சாப்டர வச்சிருக்காங்க. லயத்துல பொறந்து வளந்த நமக்கு வீட்டுக்கு காப்புறுதி எடுக்குறதே புதுசு, அதனால தான் புள்ளைங்களுக்கும் இது கதை மாதிரி படுது, மனசுல நிக்க மாட்டேங்குது.

ஒண்ணு கவனிச்சீங்களா. நான் எழுதுன தப்பான விடை பேப்பர்ல வந்திருந்தா எனக்கு சைபர் கெடைச்சிருக்காது. 1,60,000 கண்டுபிடிச்சதுக்கு மார்க் உண்டு, முக்காலால பெருக்குனதுக்கு மார்க் உண்டு, கடைசி ஒண்ணு தான் போயிருக்கும். அதுவே வெறும் 30,000-ன்னு ஒரு நம்பர மட்டும் எழுதியிருந்தேன்னா எல்லாமே போயிருக்கும்.

மேட்ரிக்ஸ் கணக்கு வந்தா கால்குலேட்டர்ல போட்டு கரெக்டா விடை எடுத்துடுவேன் டீச்சர். ஆனா எங்க ஸ்கூல்ல 6 மார்க் கேள்விக்கு 1 மார்க் தான் போட்டாங்க. விடை சரி தானே, இது என்ன நியாயம்?
– காசியோ மன்னன்

மன்னா, கேள்விய திருப்பி வாசி. மெங்குனாக்கான் காஎடா மத்ரிக்ஸ்னு இருக்கும், மேட்ரிக்ஸ் முறையில செய்யணும்னு. நீ கால்குலேட்டர் முறையில செஞ்சிருக்க. எக்ஸாம் ஹால்ல புரோகிராம் பண்ண முடியாத சயின்டிஃபிக் கால்குலேட்டர் கொண்டு போகலாம், அது வரைக்கும் சரி, ஆனா அது சரிபாக்குறதுக்குத் தான். (எங்க காலத்துல, 1984-ல, சிஃபிர் புத்தகம் தான், லாக் டேபிள்ல கோடு புடிச்சு தேடி தேடியே கண்ணு போச்சு. சரி அத விடு.)

டவுன்ல சாப்பாட்டுக் கடைக்கே போவோம். 3 தோசையும் 2 தே தாரிக்கும் 10 வெள்ளி 60 காசு. 2 தோசையும் 4 தேயும் 12 வெள்ளி 40 காசு. ஒண்ணு ஒண்ணு என்ன வெலை? மேல் வரி 3, 2. கீழ் வரி 2, 4. மொதல்ல டிடர்மினன்ட், மூணு நாலு பன்னெண்டுல இருந்து ரெண்டு ரெண்டு நாலு கழிச்சா 8. இன்வர்ஸ் எழுத 3-யும் 4-யும் எடம் மாத்து, மத்த ரெண்டு எடத்துலயும் இருக்குற 2, மைனஸ் 2-ன்னு ஆகும், முன்னாடி எட்டுல ஒண்ணு. இங்க தான் புள்ளைங்க நாலு நம்பரையும் எடம் மாத்திடும், இல்ல நாலு நம்பருக்கும் மைனஸ் போட்டுடும். அப்புறம் பெருக்கு: 4 பெருக்கல் 10.60, அதுல 2 பெருக்கல் 12.40-அ கழி, 17.60 வரும், 8-ஆல வகுத்தா தோசை 2 வெள்ளி 20 காசு. கீழ் வரியில மைனஸ் 21.20-யும் 37.20-யும் சேந்து 16, எட்டால வகுத்தா தே 2 வெள்ளி. இதெல்லாம் வரி வரியா தாள்ல இருக்கணும். இன்வர்ஸ் ஃபார்முலா பேப்பர்ல குடுத்திருக்குற ஃபார்முலா பக்கத்துலயே இருக்கு, மனப்பாடம் கூட வேணாம். எழுதி முடிச்சுட்டு உன் காசியோவ எடுத்து சரியான்னு பாத்துக்கோ. அங்க அது உண்மையிலயே மன்னன்.

பேரன் எக்ஸாமுக்கு பேனா, ஜியோமெட்ரி பாக்ஸ் எல்லாம் கோயில்ல வச்சு பூஜை பண்ணலாம்னு இருக்கேன். கால்குலேட்டரையும் வைக்கலாமா?
– பாட்டி, கோயிலுக்கு பக்கத்து வீடு

தாராளமா வைங்க பாட்டி. ஆனா திருநீறு பட்டன் உள்ள போயிடாம பாத்துக்குங்க, புது பேட்டரி போட்டுட்டீங்களான்னும் பாருங்க.

மகளுக்கு கணக்குல பி, ஆட் மேத்ஸ்ல (கூடுதல் கணக்கு) ஜி, அதாவது ஃபெயில். ஆட் மேத்ஸ விட்டுடலாமான்னு அழுவுறா. நர்சிங் போகணும்னு ஆசை. ஆனா ஆட் மேத்ஸ் இல்லன்னா எதிர்காலமே இல்லைன்னு எங்க சொந்தத்துல ஒருத்தர் சொல்றாரு.
– லோரி ஓட்டுற அப்பா

அந்த சொந்தக்காரர் பொண்ணுக்கு ஃபீஸ் கட்டப் போறாரான்னு கேளுங்க, மாட்டாருன்னா பேச்ச அதோட விட்டுடலாம்.

நர்சிங் டிப்ளோமாவுக்கு சாதா கணக்குல கிரெடிட் தான் பாப்பாங்க, அதாவது சி-க்கு கொறையாம. உங்க மக கிட்ட அது இருக்கு. மேட்ரிகுலேஷன் (யூனிவர்சிட்டிக்கு முன்னாடி படிக்கிறது) போயி இன்ஜினியரிங் மாதிரி படிக்கிறதா இருந்தா ஆட் மேத்ஸ் வேணும், அது வேற கதை. ஆனா பதிவு பண்ணி முடிச்சுட்ட பாடத்துக்கு எக்ஸாமுக்கே போகாம வீட்டுல உக்காந்துக்கறது நல்லா இருக்காது, ரிசல்ட்ல வரலன்னு வந்து நிக்கும். போயி எழுதட்டும். ஆட் மேத்ஸ் ரெண்டாவது பேப்பர்ல பி பகுதியில 4 கேள்விக்கு 3, சி பகுதியில 4-க்கு 2 செஞ்சா போதும், தேர்ந்தெடுக்க எடம் இருக்கு. தெரிஞ்ச ரெண்டு மூணு சாப்டர மட்டும் புடிச்சு அதுல வர்ற எல்லா கேள்வியிலயும் மொதல் பாகத்த எழுதுனாலே ஜி-ய தாண்டுறதுக்கு வழி இருக்கு. மிச்ச நேரத்த பயாலஜிக்கும் இங்கிலீஷுக்கும் குடுக்கட்டும். கணக்குல இருக்குற பி-ய ஏ ஆக்குறதுல தான் அவளுக்கு லாபம்.

வீட்டுல செஞ்சா எல்லாம் வருது. ஹால்ல உக்காந்தா மூளை அப்படியே பிளாங்க் ஆயிடுது. டிரையல்ல கடைசி 3 கேள்விய வாசிக்கவே இல்ல, நேரம் போச்சு.
– ஃபார்ம் 5 மாணவன்

தம்பி, வீட்டுல எப்படி செய்யிறன்னு நான் சொல்லட்டுமா. ஒரு பக்கத்துல ஃபோன், ஒரு பக்கத்துல விடை புத்தகம், நடுவுல பசியாறல். ஒரு கேள்விய அரை மணி நேரம் வச்சு உருட்டுனா எல்லாருக்கும் தான் வரும். வாரத்துக்கு ஒரு தடவ சனிக்கிழம காலையில ரெண்டரை மணி நேரம் அலாரம் வச்சு, எந்த மாநில டிரையல் பேப்பரா இருந்தாலும் பரவால்ல, முழுசா உக்காந்து எழுது. மொதல் வாரம் கேவலமா வரும். வரட்டும்.

நேரக் கணக்கு சுலபம். ரெண்டாவது பேப்பர்ல 150 நிமிஷத்துக்கு 100 மார்க், ஒரு மார்க்குக்கு ஒன்றரை நிமிஷம். 4 மார்க் கேள்வியில 6 நிமிஷத்துக்கு மேல நிக்காத, எடம் விட்டுட்டு அடுத்ததுக்கு ஓடு. சி பகுதிக்கு 22 நிமிஷம் மிச்சம் வச்சுக்கோ, 15 மார்க் ஒரே கேள்வியில கெடக்கு, நிறைய பேரு அது வரைக்கும் போறதே இல்ல. மொதல் பேப்பர்ல ஒரு கேள்விக்கு 2 நிமிஷம் 15 செகண்ட், அங்க தப்பான விடைக்கு மார்க் கழிக்க மாட்டாங்க, அதனால ஒரு கேள்வியக் கூட கறுக்காம விட்டுட்டு வந்தீன்னா அது பயமில்ல, சோம்பேறித்தனம்.

பிளாங்க் ஆகுதுன்னா கேள்வியில என்ன குடுத்திருக்கோ அத அப்படியே தாள்ல எழுது. ஸ்பீட்-டைம் கிராஃப் வந்தா, சாய்வு ஆக்சலரேஷன், கீழ இருக்குற பரப்பளவு தூரம், இத ஓரத்துல எழுதி வை. வேரியேஷன் வந்தா கே-ன்னு ஒரு மாறிலி போட்டு ஒரு சமன்பாடு எழுதி, குடுத்த நம்பர உள்ள போட்டு கே-ய கண்டுபிடி, அது வரைக்கும் யோசிக்கவே வேண்டாம், கையி தானா செய்யிற வேலை அது. கை ஓட ஆரம்பிச்சா மூளை பின்னாடியே வந்துடும், எனக்கு இன்னிக்கும் அப்படித் தான். கிராஃப் வரையிற கேள்வியில ஸ்கேல் என்னன்னு அவங்களே சொல்லியிருப்பாங்க, அத ரெண்டு தரம் வாசி, உன் இஷ்டத்துக்கு ஸ்கேல் போட்டா படம் எவ்வளவு அழகா இருந்தாலும் மார்க் போகும்.

எனக்கு வயசு 21. செம்பனை மில்லுல வேலை, ஓடி (ஓவர்டைம்) சேத்து மாசம் நாலாயிரம் கிட்ட வருது. எஸ்பிஎம்ல கணக்கு ஃபெயில். இப்போ பாலிடெக்னிக் போகணும்னு தோணுது. இந்த வயசுல சின்னப் புள்ளைங்களோட போயி உக்காந்து எழுதுறது அசிங்கமா இருக்குமா டீச்சர்?
– மில்லுக்காரன்

எழுத ஆரம்பிச்சா பக்கத்துல உக்காந்திருக்குறவன் வயச எவன் பாக்குறான். தனிப்பட்ட கேண்டிடேட்டா கணக்கு ஒரு பாடத்த மட்டும் எடுத்து எழுதலாம்ப்பா. பதிவு எக்ஸாமுக்கு ரொம்ப மாசம் முன்னாடியே முடிஞ்சுடும், அதனால இப்பவே எக்ஸாம் போர்டு வெப்சைட்ட பாத்து வை, இல்ல மாநில கல்வி இலாகாவுல போயி கேட்டுடு. இந்த ரவுண்டு போயிருந்தா அடுத்ததுக்கு நிதானமா ஒரு வருஷம் கெடைக்கும், அது உனக்கு நல்லது தான்.

அப்புறம் உனக்கு ஒரு அனுகூலம் இருக்கு, அந்த சின்னப் புள்ளைங்களுக்கு இல்லாதது. ஃபார்ம் 5-ல வரி ஒரு சாப்டர். அவங்களுக்கு அது வெறும் டேபிள், உனக்கு அது சொந்த சம்பளம். மாசம் 4,000-ன்னா வருஷத்துக்கு 48,000. தனி நபர் விலக்கு 9,000, ஈபிஎஃப்புக்கு (சேமநிதி) 4,000, மத்தது ஒரு 500-ன்னு வச்சுக்கோ, மொத்தம் 13,500 கழிச்சா வரி கட்ட வேண்டிய வருமானம் 34,500. மொதல் 20,000-க்கு 150 வெள்ளி, மிச்சம் 14,500-க்கு 3 விழுக்காடு 435 வெள்ளி, சேந்து 585. வருமானம் 35,000-க்கு மேல போகாததால 400 வெள்ளி ரிபேட், கட்ட வேண்டியது 185 தான். ரிபேட்ட வரியில இருந்து கழிக்கணும், வருமானத்துல இருந்து இல்ல. விலக்கு வருமானத்துல, ரிபேட் வரியில. இத மாத்திப் போட்டு தான் பாதி ஹால் மார்க்க விடுது.

இப்போ உனக்கு வீட்டுப் பாடம். ஓடி கொஞ்சம் அதிகமா செஞ்சு அந்த 34,500, 36,000 ஆயிடுச்சுன்னு வை. மொதல் 35,000-க்கு வரி 600, அதுக்கு மேல உள்ளதுக்கு 6 விழுக்காடு. ரிபேட் கெடைக்குமா, வரி எவ்வளவு, முன்ன கட்டுனத விட எவ்வளவு ஏறுச்சு? போட்டு அடுத்த மாசம் 20-ம் தேதிக்குள்ள எனக்கு அனுப்பு. வெறும் நம்பர் மட்டும் அனுப்பாத, செஞ்ச தாளையே ஃபோட்டோ புடிச்சு அனுப்பு, அடிச்சு திருத்துனது எல்லாம் இருக்கட்டும்.